அப்பாவின் கை நடுக்கம்: முதலில் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். எட்டு மாதமாக வலது கை நடுங்குகிறது. சும்மா இருந்து ரிவி பார்க்கும்போதுதான் கூட. அதற்கு முன்பே வலது தோள் இறுகிப்போய் எண்ணெய் பூசினோம், ஊசியும் போட்டோம். நடையும் மெதுவாகிவிட்டது. தலைச்சுற்றுக்கு ஒன்றரை வருடமாகக் குளிசை போடுகிறார். பார்க்கின்சன் என்கிறார் ஒருவர், வயது என்கிறார் இன்னொருவர், கனடாவில் இருக்கும் அண்ணா மறதி நோயின் தொடக்கம் என்கிறார். இந்த நோய் எப்படித் தொடங்கும்? எவ்வளவு காலத்தில் படுக்கையில் விழுத்தும்? சித்த மருந்து செய்யலாமா? எங்களுக்கும் வருமா?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் நான் முதலில் நிற்கிறேன்: தலைச்சுற்றுக்கு ஒன்றரை வருடமாகக் குளிசை. அப்பாவுக்கு இருப்பது பார்க்கின்சன் நோயா என்று பேசுவதற்கு முன்னால் அந்தக் குளிசையின் பெயர் தெரியவேண்டும். வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும், பாதி முடிந்த அட்டைகள் உட்பட, மேசையில் கொட்டிப் பெயர்களைத் தாளில் எழுதுங்கள். அவற்றில் சினரிசின் இருந்தால் அதன் கீழே கோடு போடுங்கள்.

சினரிசின் தலைச்சுற்றுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்து. சில நாளுக்கென்று எழுதியதைப் பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பார்மசியில் மாதக்கணக்காக வாங்கிப் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மூளையில், அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற இரசாயனம் போய் ஒட்டவேண்டிய இடங்களை இந்த மருந்து அடைத்துக்கொள்கிறது. வயதானவர்கள் நெடுநாள் போட்டால் நடுக்கம், விறைப்பு, மந்தம் எல்லாம் பார்க்கின்சன் போலவே வரும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் புளூனரிசின், வாந்திக்கான மெட்டோக்ளோபிரமைட், வாந்திக்கும் தலைச்சுற்றுக்கும் தரும் புரோகுளோர்பெரசின், மனநோய்க்கான ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். வலிப்புக்கான சோடியம் வல்புரோயேற் வேறு வழியில் நடுக்கத்தையும் மந்தத்தையும் கொண்டுவரும்.

தலைச்சுற்றுக் குளிசைதான் காரணமாக இருக்கலாம் என்றால், வைத்தியரிடம் சொல்லி நிறுத்திப் பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறையும், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். வலிப்பு, மனநோய் மருந்துகளை மட்டும் நீங்களாக ஒருநாளும் நிறுத்தவேண்டாம். மருந்தை நிறுத்தி நீண்ட காலமாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து திரும்ப வந்தது என்றால், உள்ளே ஏற்கெனவே தொடங்கியிருந்த நோயை அந்த மருந்து வெளியே காட்டிவிட்டது என்று பொருள்.

அப்பா விடயத்தில் இந்த இரண்டாவது சாத்தியத்தையும் நான் ஒதுக்கமாட்டேன். மருந்தால் வரும் நடுக்கம் பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றாக வரும். அவருக்கோ வலது பக்கம் மட்டும், அதுவும் கை ஓய்ந்திருக்கும்போது. அதற்கு முன்பே அதே பக்கத் தோள் இறுகியிருக்கிறது. பார்க்கின்சனில் கையின் விறைப்பு முதலில் தோள் வலியாக வெளிப்படுவதும், எலும்பு நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் வைத்தியம் நடப்பதும் நன்கு தெரிந்த பாதை. எண்ணெயும் ஊசியும் போட்டதில் உங்கள் பிழை எதுவும் இல்லை.

இந்த நோய் கையில் தொடங்குவதில்லை. நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் நரம்புக் கலங்கள் டோபமினைச் சுரந்து, அசைவின் வேகத்தையும் அளவையும் சரிபார்க்கின்றன. அந்தக் கலங்களுக்குள் ஆல்பா சினுக்ளின் என்ற புரதம் மடிப்புக் குலைந்து திரளத் திரள, கலங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போது ஏறக்குறைய பாதி, சிலவேளை அதற்கு மேலும் போயிருக்கும். ஆகவே தொடக்கம் பல ஆண்டுகளுக்கு முந்தியது. அந்த நாட்களின் அடையாளங்கள் அம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும்.

அம்மாவைத் தனியே இருத்திக் கேளுங்கள். மீன் பொரிக்கிற மணம், கோப்பி மணம் அப்பாவுக்குத் தெரிகிறதா? சாப்பாட்டில் ருசி இல்லை என்று முறைப்படத் தொடங்கி எவ்வளவு காலம்? மலச்சிக்கல் எத்தனை வருடமாக இருக்கிறது? நித்திரையில் கத்துவது, கையை ஓங்குவது, காலால் உதைப்பது, கட்டிலிலிருந்து விழுவது உண்டா? கடைசிக் கேள்விக்கு நான் மிகுந்த எடை கொடுப்பேன். கனவு காணும் வேளையில் உடலின் தசைகள் தளர்ந்திருக்கவேண்டும். அந்தப் பூட்டு கழன்றவர்கள் கனவில் வரும் சண்டையை நிசமாகவே போடுவார்கள். இப்படி இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பார்க்கின்சன் அல்லது அதன் உறவு நோய் ஒன்று வெளிப்படுகிறது. மற்ற மூன்றும் தனித்தனியே வந்தால் பெரிய அர்த்தம் இல்லை. மலச்சிக்கல் இல்லாத முதியவர் யார்? எல்லாம் சேர்ந்து வந்தால் மட்டும் கவனியுங்கள். காரணமில்லாத மனச்சோர்வும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

நோயைத் தீர்மானிப்பது நடுக்கம் அல்ல, மந்தம். நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளர் பலர் உண்டு. அசைவு வெறுமனே மெதுவாக இருந்தால் போதாது, செய்யச் செய்யச் சிறுத்துக்கொண்டும் போகவேண்டும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். அப்பாவைக் கதிரையில் இருத்தி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகலத் திறந்து வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். ஒரு கையால் இருபது தடவை, பிறகு மற்றக் கை. முதல் ஐந்து பெரிதாக இருந்து, பத்தாவது தட்டலில் விரல்கள் அரைவாசிதான் திறந்து, இடையில் தடக்கி நின்றால் அதைத்தான் வைத்தியர் தேடுவார். குதிக்காலை ஊன்றி முன்பாதத்தால் நிலத்தைத் தட்டுவதையும் அப்படியே பாருங்கள்.

அடுத்து, இரண்டு கைகளையும் மடியில் சும்மா வைத்துக்கொண்டு 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். மனம் கணக்கில் போகும்போது ஓய்வு நடுக்கம் வெளியே வரும். பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல, நொடிக்கு 4 முதல் 6 தடவை. பிறகு கைகளை முன்னே நீட்டச் சொல்லுங்கள். நீட்டியதும் நின்று, சில நொடி கழித்துத் திரும்பத் தொடங்கினால் அது பார்க்கின்சன் பக்கம் சாய்கிறது. மாறாக, இரண்டு கையும் நடுங்கி, கோப்பையைத் தூக்கும்போதும் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போதும் கூடி, மடியில் வைத்ததும் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் பரம்பரையாக வரும் வேறொரு நடுக்கம். அதில் தலையும் குரலும் நடுங்கலாம், ஆனால் மந்தம் இருக்காது. தைரொயிட் கூடினாலும், ஆஸ்துமாவுக்கான சல்பியூட்டமோல் பாவித்தாலும் கை நடுங்கும். அதனால் தைரொயிட் இரத்தப் பரிசோதனை ஒன்று தேவை.

அப்பா எழுத்து வேலை பார்த்தவர் என்பது பெரிய உதவி. பழைய கையெழுத்து வீட்டில் கட்டாயம் இருக்கும். கோடு இல்லாத தாளில் ஒரே வசனத்தை ஐந்து தடவை எழுதச் செய்து பழையதோடு வைத்துப் பாருங்கள். வரி முடிவுக்குப் போகப் போக எழுத்துக் குறுகுகிறதா? கடைசியாக, வெளியே பத்து மீற்றர் நடந்து திரும்பி வரச் செய்து போனில் பிடியுங்கள். வலது கை வீசாமல் முழங்கையில் மடிந்து நிற்கிறதா, ஒரே சுற்றில் திரும்பாமல் நாலைந்து சின்ன அடி வைக்கிறாரா என்பவை வீடியோவில் தெளிவாகத் தெரியும். கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் அந்த வீடியோ நீங்கள் சொல்லும் கதையைவிடப் பெறுமதியானது.

ஸ்கானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கடன்பட்டு எடுக்கிறார்கள். பார்க்கின்சனில் சாதாரண சீரி, எம்ஆர்ஐ படங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். “ஸ்கானில் ஒன்றுமில்லை, ஆகவே நோய் இல்லை” என்பது பிழை. படம் எடுப்பது மூளையில் நீர் தேங்குதல், சிறுசிறு அடைப்புகள், கட்டி ஆகியவற்றை விலக்குவதற்கு. கால்கள் மட்டும் ஒட்டி நடை குழம்பி, சிறுநீர் கட்டுப்படாமல், மறதியும் சேர்ந்தால் படம் கட்டாயம் தேவை.

அண்ணா சொன்ன மறதி நோய்க்கு இங்கே ஆதாரம் இல்லை. அதில் முதலில் போவது ஞாபகம், கை அல்ல. பார்க்கின்சனிலும் சிந்தனை மந்தமாகலாம், பிந்திய ஆண்டுகளில் பலருக்கு ஞாபகமும் பாதிக்கப்படும், ஆனால் வரிசை வேறு. முதல் வருடத்திலேயே இல்லாத ஆட்களைக் கண்ணால் காண்பது, காரணமின்றி அடிக்கடி விழுவது, எழும்பியதும் மயங்குவது, கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள். அவை பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறு நோய்களின் அடையாளமாக இருக்கலாம். அவற்றின் வேகமும் வைத்தியமும் வேறு.

இனி, நீங்கள் பயந்து கேட்ட கேள்வி. எவ்வளவு காலம்? ஒருவருக்குமே நாள் குறித்துச் சொல்லமுடியாது. 1967இல் மார்கரெட் ஹோன் (Hoehn), மெல்வின் யார் (Yahr) என்ற இரு வைத்தியர்கள் வகுத்த ஐந்து படிகளை இன்றும் பாவிக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் என்றால் முதற்படி, இரு பக்கமும் ஆனால் சமநிலை சரி என்றால் இரண்டாவது. சமநிலை குறைந்தும் தன் வேலையைத் தானே பார்ப்பவர் மூன்றாவதில் இருக்கிறார். நாலாவதில் நிற்கலாம், நடக்கலாம், ஆனால் பல வேலைக்கு ஆள் உதவி வேண்டும். ஐந்தாவதுதான் நீங்கள் பயப்படும் படுக்கை, அல்லது சக்கர நாற்காலி. எல்லாரும் ஐந்தாவதுக்குப் போவதில்லை. ஒரு படியிலிருந்து அடுத்ததுக்குப் பொதுவாக மாதங்கள் அல்ல, ஆண்டுகள் எடுக்கும். நடுக்கம் முன்னின்று தொடங்குபவர்களுக்கு நோய் மெதுவாகப் போகும் போக்கு உண்டு. அப்பாவுக்கு இது பார்க்கின்சன்தான் என்று உறுதியானாலும், கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் அவர் முதற்படியில் இருக்கிறார்.

நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை, குணங்களைக் குறைக்கும் மருந்து உண்டு. அதில் பிரதானமானது லெவோடோபா. டோபமின் நேரே மூளைக்குள் போகாது. லெவோடோபா போய் அங்கே டோபமினாக மாறும். வழியில், உடலிலேயே மாறிவிடாமல் காக்கத்தான் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. இதில் ஒரு கணக்கு அடிக்கடி தவறுகிறது. கார்பிடோபா நாளுக்கு ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் சேரவேண்டும். 100 மில்லிகிராம் லெவோடோபாவோடு 10 மட்டும் உள்ள குளிசையை மூன்று வேளை போட்டால் 30தான். அப்போது குமட்டும், வாந்தி வரும், “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். 100உம் 25உம் உள்ள குளிசை என்றால் மூன்று வேளைக்கு 75. அட்டையில் இரண்டு எண்களையும் பாருங்கள். 250உம் 25உம் உள்ளது இன்னொரு வகை. கிளினிக்கில் ஒருவகை முடிந்து மற்றது தரப்பட்டால், முழுசா பாதியா என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவித்து வாருங்கள். குமட்டலுக்கு மெட்டோக்ளோபிரமைட் வேண்டாம். டொம்பெரிடோன் சரிவருமா என்று கேளுங்கள், இதய நோய் இருந்தால் அதையும் சொல்லி.

குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன், அல்லது ஒரு மணிக்கு மேல் கழித்து, ஒரு கிளாஸ் தண்ணீரோடு போடவேண்டும். லெவோடோபாவும் ஒரு புரதத் துணுக்கு. குடலிலும் மூளையின் வாசலிலும் மீன், இறைச்சி, பால், பருப்பில் உள்ள புரதத் துணுக்குகளோடு போட்டிபோட்டுத்தான் உள்ளே போகும். பால் தேத்தண்ணியோடு விழுங்குவதை முதலில் விடுங்கள். தொடக்கத்தில் வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு கிறேக்கர் பிஸ்கட் கடிக்கலாம். இரும்புச்சத்துக் குளிசை போடுகிறவர் என்றால் இரண்டு மணி இடைவெளி வேண்டும். புரதம் போட்டிபோடுகிறது என்பதற்காக மீனை நிறுத்திவிடாதீர்கள். கடற்கரை ஊரில் மீனை விட்டு, உடல் மெலிந்து, தசையும் போனால் விழுகைதான் கூடும். பிற்காலத்தில் மதியக் குளிசை வேலை செய்யாமல் போனால் மட்டும் மீனின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம்.

முதல் சில ஆண்டுகள் மருந்து சீராக வேலை செய்யும். அதற்குப் பிறகு வருவதை இப்போதே தெரிந்துவைத்தால் பயப்படமாட்டீர்கள். லெவோடோபா இரத்தத்தில் ஒன்றரை மணிக்குள் பாதியாகிவிடும். ஆரம்பத்தில், மிஞ்சியிருக்கும் கலங்கள் அதைச் சேமித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் குளிசை ஆறு மணி தாங்கும். கலங்கள் குறையக் குறையச் சேமிக்க இடமில்லை. ஆறு நாலாகும், நாலு மூன்றாகும். அடுத்த வேளைக்கு முன்பே கை இறுகும், கால் நிலத்தில் ஒட்டும். இதைக் கண்டு நீங்களாக அளவைக் கூட்டவேண்டாம். நாலு நாள் ஒவ்வொரு மணியும் “நல்லம், இறுக்கம், ஆட்டம்” என்று கொப்பியில் குறித்துக் காட்டினால், வைத்தியர் அதே மருந்தைச் சிறுசிறு அளவாகப் பிரித்தோ, என்டகபோன் போன்ற துணை மருந்து சேர்த்தோ சரிசெய்வார். ஆட்டம் என்றது நடுக்கத்தை அல்ல. உடல் அலைபோல நெளிவது. அது மருந்து கூடிய நேரத்தில் வருவது. வீட்டார் அதை நோய் கூடியது என்று எண்ணி இன்னும் ஒரு குளிசை கொடுத்துவிடுவார்கள். பின்னாளில் ஆட்டம் வரும் என்ற பயத்தில், தேவையான மருந்தை இப்போது பிற்போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். மருந்தைத் தள்ளிப்போட்டு நல்ல வருடங்களை இழப்பதுதான் மிச்சம்.

பென்செக்சோல் நடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் 67 வயதில் ஞாபகத்தைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும், மலச்சிக்கலைக் கூட்டும். அப்பாவுக்கு அது எழுதப்பட்டால் காரணம் கேளுங்கள். பிரமிபெக்சோல், ரொபினிரோல் தரப்பட்டால், அவர் திடீரென்று லொத்தர் வாங்கிக் குவிக்கிறாரா, காசைக் கண்மண் தெரியாமல் செலவழிக்கிறாரா என்று அம்மா கவனிக்கவேண்டும். அது குணக்கேடு அல்ல, மருந்தின் விளைவு.

சித்த மருந்து கேட்டிருந்தீர்கள். நடுக்குவாதத்துக்குத் தரப்படும் பூனைக்காலி விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் எச்சரிக்கை. சூரணத்துக்குச் சூரணம் அதன் அளவு மாறும், கார்பிடோபா அதில் இல்லை. குளிசையோடு சேர்த்தால் அளவு இரட்டிப்பாகிக் குமட்டல், பிறஷர் இறக்கம், ஆட்டம் எல்லாம் வரலாம். எடுப்பதானால் இரண்டு வைத்தியருக்கும் தெரிந்திருக்கவேண்டும். எண்ணெய் பூசி உருவுவது விறைப்புக்கு இதமாக இருக்கும், தடையில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போனால் ஈரக் கல்லில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெந்நீர் பிறஷரை இறக்கும், குளித்து முடித்துச் சட்டென்று எழும்பக்கூடாது.

பிறஷரை அளப்பது முக்கியம். ஐந்து நிமிடம் படுத்தபின் ஒருதரம், எழும்பி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொருதரம். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். அப்பாவின் “தலைச்சுற்றே” இதுவாக இருக்கலாம், அப்படியானால் சினரிசின் ஒருநாளும் உதவியிருக்காது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் இது கூடும், மலச்சிக்கலும் இறுகும். மலம் இறுகினால் குளிசை குடலில் உறிஞ்சப்படுவதும் பிந்தும்.

நடைப் பயிற்சி மருந்துக்கு அடுத்தது அல்ல, மருந்தோடு சேர்ந்தது. வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு வாங்கும் வேகத்தில், கையை வேண்டுமென்றே பெரிதாக வீசி. கடற்கரை மணலில் வேண்டாம், கால் புதையும். மக்கெய்சர் மைதானம் போன்ற சமதரை நல்லது. திரும்பும்போது ஒற்றைக் காலில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பப் பழக்குங்கள், ஏனென்றால் விழுவது பெரும்பாலும் திருப்பத்தில்தான். கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்கவேண்டாம். நின்று, மூச்சுவிட்டு, உடலை இடவலமாக ஆட்டி, நிலத்தில் ஒரு கோடு இருப்பதாக எண்ணி அதைக் கடக்கச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் வண்ண ரேப் ஒட்டினாலும் கால் எழும்பும். சாரம் காலில் தடக்கும், இலாஸ்ரிக் காற்சட்டை நல்லது. கிணற்றடிப் பாசியைத் தேய்த்துவிடுங்கள், மலகூடத்தில் பிடி ஒன்று பூட்டுங்கள். நித்திரையில் உதைப்பவர் என்றால் அம்மா வேறு கட்டிலில் படுக்கட்டும், பக்கத்தில் கண்ணாடி, கூரான பொருள் வேண்டாம்.

குரல் தாழ்ந்துபோனால் சத்தமாகப் பத்திரிகை வாசிக்கட்டும், தேவாரம் பாடுகிறவர் என்றால் வாய்விட்டுப் பாடட்டும். தண்ணீர் குடிக்கும்போது புரைக்கேறத் தொடங்கினால் நிமிர்ந்து இருந்து, நாடியை (முகவாயை) சற்றுத் தாழ்த்தி, சிறு மிடறாக விழுங்கவேண்டும். பேச்சுச் சிகிச்சையாளரிடமும் அனுப்பக் கேளுங்கள். பிந்திய ஆண்டுகளில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் நடுக்கம் அல்ல. விழுகையும், உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நியூமோனியாவும்தான்.

உங்களுக்கு வருமா? நோயாளரில் 10 முதல் 15 வீதமானவர்களுக்கே குடும்பத்தில் இன்னொருவர் இருப்பார். அப்பாவுக்கு 67இல் வந்ததால் உங்களுக்கு வரும் வாய்ப்புச் சற்றே கூடும், அவ்வளவுதான். இப்போதைக்கு உங்களுக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்குக்கு மருந்துத் தாள், வீடியோ, பழைய புதிய கையெழுத்து, பிறஷர் எண்கள் நான்கையும் கொண்டுபோய், நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். மருந்து தொடங்கினால், “ஹலோபெரிடோல், மெட்டோக்ளோபிரமைட் கொடுக்கவேண்டாம், குளிசை நேரம் தவறவேண்டாம்” என்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் வைத்தியரைக் கொண்டு எழுதுவியுங்கள். வேறு நோய்க்கு வார்ட்டில் படுக்கும்போது இது உதவும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அட்டையில் ஒரு வாரத்துக்கான குளிசை மிஞ்சியிருக்கும்போதே அடுத்ததை எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் மனம் தடுமாறினால், விழுங்க முடியாமல் போனால், விழுந்து தலை அடிபட்டால் கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.